தலைமாட்டில் எழுதிய நாடு

ருமேனியா,
19.01.2025

என் அன்பு அம்மாவுக்கு,

மகள் தயாளினி எழுதுகிறேன். நான் சுகமாகத்தான் இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி பற்றிப் போன கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. எழுதாவிட்டால் வலி இல்லை என்று நான் நம்பிவிடுவேன் என்று நினைக்கிறீர்கள். உங்களுக்குக் காது கேட்டால் தொலைபேசியில் பிடித்து ஏசியிருப்பேன். நான் தாளில் எழுதி, அதைப் படம் பிடித்து சிவதர்சினி அக்காவின் கடைக்கு அனுப்பி, அவ அச்செடுத்துத் தந்து, நீங்கள் வாசிப்பதற்குள் என் கோபம் ஆறிவிடுகிறது.

இங்கே பனி கொட்டுகிறது. தையல் தொழிற்சாலை மேற்பார்வைக்காரி இன்னும் என்னை "இந்தியா" என்றுதான் கூப்பிடுகிறாள். நான் சிறீலங்கா என்று திருத்துவேன். "சரி, சரி, இந்தியா" என்பாள். பள்ளிக்கூடத்தில் கேட்ட அதே சொல், அம்மா. இவ்வளவு தூரம் வந்தும் என்னை விடவில்லை.

அதை விடுங்கள். புதன்கிழமை அவள் வந்து, "உன் நாட்டு ஆள் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவர் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை, போய்ப் பார்" என்றாள். போனேன். கட்டட வேலையில் உயரத்திலிருந்து விழுந்த மனிதர். கொண்டுவந்து போட்டவர்கள் பயத்தில் போய்விட்டார்களாம். கடவுச்சீட்டு இல்லை. கட்டிலின் தலைமாட்டில் ஓர் அட்டை. பெயர் தெரியாது, நாடு இந்தியா என்று எழுதியிருந்தது.

"அண்ணா, கேக்குதோ?" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே, "ஓம்... வாறன்" என்றார்.

நான் இந்த நாட்டுக்கு வந்த பிறகு ஒருவரும் எனக்கு நம் ஊர் "ஓம்" சொன்னதில்லை. கொஞ்சம் பொறுத்து, "சுதா, வாய்க்கால்ல தண்ணி வந்திட்டுதோ? அப்பாவை மடையைத் திறக்கச் சொல்லு" என்றார். பெயரைக் கேட்டேன். "ஜனா." இடத்தைக் கேட்டேன். "கண்டாவளை." நம் பக்கத்து ஊர், அம்மா! அதோடு மயங்கிவிட்டார்.

இவர் இந்தியர் இல்லை என்று தாதியிடம் சொன்னேன். "நீங்கள் இரண்டு பேரும் ஒரே மொழிதானே பேசினீர்கள்?" என்று சிரித்தாள்.

அம்மா, கண்டாவளையில் ஜனா என்று ஒருவரை, சுதா என்று தங்கையோ யாரோ இருக்கிறவரை, உங்களுக்குத் தெரியுமா?

உங்கள் மகள்,
தயாளினி


உ
தர்மபுரம்,
21.01.2025

அன்பு மகளுக்கு, அம்மா ஞானேஸ்வரி எழுதிக்கொள்வது.

உன் கடிதத்தைக் கடை வாசலில் நின்றபடியே வாசித்தேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும். கண்டாவளை வீரகத்தியரின் மகன் ஜனார்த்தனன். சுதாஜினி அவனுடைய தங்கச்சி. அவர்கள் வயலில் நான் எத்தனை போகம் களை பிடுங்கியிருக்கிறேன், அருவி வெட்டிக் கதிர் கட்டியிருக்கிறேன். வரம்பில் பட்டம் விட்டுக்கொண்டு ஓடித்திரிந்த பெடியன்.

ஆனால் அந்த வீட்டுப் படலையை நான் திறக்க மாட்டேன். ஏன் என்று உனக்கு இதுவரை சொன்னதில்லை.

நான் நாவலப்பிட்டித் தோட்டத்தில் பிறந்தவள். என் அப்பா பிறந்ததும் அதே லயத்து வீட்டில். எழுபத்தேழு கலவரத்தில் இந்தியாவுக்குப் போ என்று சொல்லித்தான் எங்களை அடித்தார்கள். லொறியில் ஏறி இங்கே வந்தோம். இங்கே அடிக்கவில்லை. வேலை தந்தார்கள், இந்தியாக்காரர் என்று சொல்லித் தந்தார்கள். வீரகத்தியரின் மனைவி பத்மாசனி எனக்கு வெளியில் வைத்துத்தான் தேத்தண்ணி தருவா. அதையும் நான் குடித்தேன்.

உன் தம்பி நிரோஜன் கடைசிச் சண்டையில் மாத்தளனில் தண்ணி எடுக்கப் போய்த் திரும்பி வராத கதை உனக்குத் தெரியும். பிறகு செட்டிகுளம் முகாமில் நான் அழுதுகொண்டு இருக்கும்போது பத்மாசனி பக்கத்தில் வந்தா. அப்போது எனக்கு ஒரு காதில் இன்னும் கொஞ்சம் கேட்டது. "நீ ஏன் அழுறாய்? உன்ர பெடியன் போட் ஏறி இந்தியாவுக்குப் போயிருப்பான். அது உங்கட நாடுதானே" என்றா.

பிள்ளை, அது சொல்லக்கூடிய சொல்லா? ஆனால் இன்னொன்றும் எழுதுகிறேன். அந்தச் சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். ராமேஸ்வரம் பக்கத்து முகாம் ஒன்றில் அவன் தட்டை ஏந்திச் சோற்றுக்கு நிற்பதை எத்தனை தரம் கனவில் கண்டிருப்பேன். எப்போதும் முதுகைத்தான் காண்பேன். கூப்பிட்டால் திரும்ப மாட்டான்.

சிவதர்சினியைக் கொண்டு அந்த வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பித்தேன். "என்ர மகன் ஜேர்மனியில இருக்கிறான். நீங்கள் காசு பறிக்கிற கள்ளரோ?" என்று பத்மாசனி ஏசிவிட்டு வைத்துவிட்டாவாம். என்னால் முடிந்தது இவ்வளவுதான்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

அம்மா


ருமேனியா,
23.01.2025

என் அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்தபிறகு தையல் மெசினில் கை ஓடவில்லை. இவ்வளவு வருடமும் இதை எங்கே வைத்திருந்தீர்கள்?

நேற்று மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அலுவலக ஆள் ஒருவர் வந்திருந்தார். ஆள் பிழைக்க மாட்டார், இந்தியத் தூதரகத்துக்கு அறிவிக்கப்போகிறோம், உரித்தானவர் இல்லையென்றால் இங்கேயே புதைப்போம் என்றார். இவர் இலங்கை, என் பக்கத்து ஊர் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "உன் பேச்சை வைத்து எழுத முடியாது. தாய் தகப்பன் இருந்தால் முகத்தைக் காட்டச் சொல்" என்றார்.

அங்கே சமையலறையில் வேலை செய்யும் சென்னைக்காரர் ஒருவர் எனக்காக ஆங்கிலத்தில் பேச வந்தார். "சார், நான் இந்தியன். இவரு எங்க ஊர்க்காரர் இல்ல. எங்க தமிழும் இல்ல. இந்தப் பொண்ணு சொல்றது சரி" என்றார். அந்த மனிதருக்காவது விளங்கியதே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா, உங்களைப் போகச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. போகாவிட்டால் கோபிக்கவும் மாட்டேன். ஆனால் அவர் "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே கிடக்கிறார். நான் பொறுக்க முடியாமல் இரண்டு தரம், "என்ன தம்பி?" என்று கேட்டுவிட்டேன். உடனே முகம் ஆறிப்போகிறது. இன்னொரு தாயின் குரலைத் திருடிக்கொண்டு நிற்பதுபோல் அந்தரமாயிருக்கிறது.

அவருடைய முகத்தைப் படம் பிடித்து இதோடு அனுப்பியிருக்கிறேன்.

தயாளினி


உ
தர்மபுரம்,
25.01.2025

அன்பு மகளுக்கு,

போனேன்.

படத்தை அச்செடுத்துச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். படலையை நானே திறந்தேன். பத்மாசனி கிணற்றடியில் நின்றா. வீரகத்தியர் கதிரையில் இருந்தார். பார்வை மங்கிவிட்டது அவருக்கு. பேசுகிறவர்களின் உதட்டைப் பார்த்துத்தான் எனக்குப் பேச்சு விளங்கும் என்பதால், நான் பத்மாசனியின் முகத்துக்கு நேரே போய் நின்றேன்.

"எனக்குக் காது கேக்காதுங்க. நான் சொல்றத நீங்க கேளுங்க" என்று படத்தை நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தா. பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது, மகள். எந்தத் தாய்க்குத் தெரியாது? ஆனாலும் தலையை ஆட்டினா. படத்தில் தெரிந்த தலைமாட்டு அட்டையில் விரலை வைத்தா. "இதில இந்தியா எண்டெல்லோ கிடக்கு. இது ஆரோ இந்தியாக்காரன். என்ர பிள்ளை இல்லை."

அந்தச் சொல்லை அவ வாயில் மறுபடியும் பார்த்தேன். எனக்குக் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு அவ தன் பிள்ளையைக் காப்பாற்றப் பார்க்கிறா. முகாமில் நான் அவ சொல்லைப் பிடித்துக்கொண்டு செய்ததும் அதுதானே.

"தெரியாம எழுதியிருக்காங்க. என்னையும் அப்பிடித்தான் எழுதினாங்க. நான் பொறந்தது இந்த நாட்டுல. எங்கப்பா பொறந்தது இந்த நாட்டுல. எம்புள்ள தொலஞ்சதும் இந்த நாட்டுலதான், போட் ஏறிப் போகல. உங்க மகன் கண்டாவளைப் புள்ள. நீங்க வந்து கூப்பிட்டாத்தான் அந்த எழுத்த மாத்துவாங்க. இல்லாட்டி நாடு மாறிப் பொதச்சிருவாங்க" என்றேன். என் குரல் எவ்வளவு பெரிதாக வந்ததோ எனக்குத் தெரியாது. பக்கத்து வளவுச் சனம் வேலிக்கு வந்துவிட்டது.

நிரோஜன் இந்த நாட்டில்தான் தொலைந்தான் என்று நான் வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை.

வீரகத்தியர் எழும்பிவிட்டார். "பத்மா, சீலையை மாத்து" என்று அவர் வாய் அசைந்தது.

ஓட்டோ பிடித்து மூன்று பேரும் சிவதர்சினி கடைக்கு வந்தோம். மிச்சம் உனக்குத் தெரியும், அந்தப் பக்கம் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றது நீதானே. பத்மாசனி திரையில் வாயை வைத்துக் கூப்பிடுவதைக் கண்டேன். அவனுடைய உதடு அசைவதையும் கண்டேன். என்ன சொன்னான் என்று எனக்குப் பிடிபடவில்லை. அவ நிலத்தில் குந்திவிட்டா. எழுது, என்ன சொன்னான்?

அம்மா


ருமேனியா,
28.01.2025

என் அம்மாவுக்கு,

"ஓம் அம்மா, வாறன்" என்றார். நான் முதல்நாள் கேட்ட அதே சொல்தான். இந்தமுறை கண்ணைத் திறந்து சொன்னார்.

நேற்று விடிய அவர் போய்விட்டார். அந்த வீட்டுக்குச் சிவதர்சினி அக்கா சொல்லியிருப்பா.

பத்மாசனி அம்மாவின் குரலைக் கேட்டபோதே தாதி தலைமாட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போனாள். அவர்கள் அனுப்பிய பிறப்புப் பத்திரத்தைப் பார்த்துப் பெயரையும் நாட்டையும் கேட்டுக் கேட்டு எழுதினாள். ஜனார்த்தனன் என்ற பெயர் அவள் வாயில் கடைசிவரை நுழையவில்லை. நாட்டைச் சரியாக எழுதினாள். அவர் அந்த எழுத்தின் கீழேதான் செத்தார், அம்மா.

இன்று அலுவலகத்தில் என்னைச் சாட்சிக்குக் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். அந்த ஆள் என் பெயரை எழுதிவிட்டுத் தலையை நிமிர்த்தாமல், "இந்தியா?" என்றார். வழக்கமாக நான் சிரித்துக்கொண்டு திருத்துவேன். இன்று சிரிப்பு வரவில்லை. "நான் இலங்கை. என் அம்மா இலங்கை, என் தாத்தாவும் இலங்கை. எழுதும்வரை கையெழுத்து வைக்க மாட்டேன்" என்றேன். என் குரலும் உரத்துத்தான் போயிருக்க வேண்டும். அவர் வெட்டிவிட்டு எழுதினார். நான் அதை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன்.

வெளியே வந்து பனிக்குள் நின்றேன். அந்த மனிதர் எனக்கு யாரும் இல்லை. ஆனால் இரண்டு நாளாக நான் நடக்கும்போது பின்னால் யாரோ "வாறன், வாறன்" என்றபடி வருவதுபோல் இருக்கிறது. திரும்பிப் பார்க்கப் பயமில்லை. திரும்பினால் நின்றுவிடுமோ என்றுதான் பார்க்காமல் நடக்கிறேன்.

தயாளினி


உ
தர்மபுரம்,
02.03.2025

அன்பு மகளுக்கு,

பிள்ளையைக் கொண்டுவந்துவிட்டார்கள். நேற்றுக் கண்டாவளையில் செத்தவீடு நடந்தது. எனக்கு ஆள் அனுப்பிச் சொன்னார்கள். போனேன். பந்தலில் ஓரமாக இருக்கப் போனவளைச் சுதாஜினி கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். பத்மாசனி என்னைப் பார்த்ததும் தன் பக்கத்தில் இடம் விட்டா. அழுகிற வீட்டில் எனக்கு ஒரு சத்தமும் இல்லை. எல்லாருடைய வாயும் திறந்து திறந்து மூடியது. ஆனால் என் காதுக்குள் ஒரு குரல் இருந்தது, மகள். நீ எழுதிய அந்தச் சொல்லை வாசித்த நாள் தொடக்கம் இருக்கிறது. "ஓம் அம்மா, வாறன்." சொல்வது ஜனார்த்தனன் இல்லை. அது யாருடைய குரல் என்று உனக்கு நான் எழுதத் தேவையில்லை.

நீ ஒன்று எனக்கு எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. நிரோஜன் இருந்தால் அந்தப் பிள்ளையின் வயதுதான் வரும். முதல்நாள் ஆஸ்பத்திரியில் தாதி அப்பால் போனபிறகு நீ போர்வையை விலக்கி இடது காலைப் பார்த்திருப்பாய். சின்ன வயதில் நிரோஜனுக்குப் போத்தல் கண்ணாடி வெட்டி, முழங்காலுக்குக் கீழே தையல் போட்ட இடம். ஜனா என்று பெயர் சொன்ன பிறகும், கண்டாவளை என்று சொன்ன பிறகும் பார்த்திருப்பாய். எனக்கு அது விளங்கும். கோபமில்லை.

ஏனென்றால் நானும் பார்த்தேன்.

பெட்டியைத் திறந்து வேட்டியைச் சரிசெய்தார்கள். எல்லாம் தெரிந்துதான் நின்றேன். அவன் பட்டம் விட்டது தெரியும், அவன் முகம் தெரியும், அவனைப் பெற்றவள் பக்கத்தில் நிற்கிறா. இருந்தும் என் கண் அந்தக் காலுக்குப் போய்விட்டது. கையும் போய்விட்டது. வேட்டிக் கரையைத் தொட்ட பிறகுதான் என்ன செய்கிறேன் என்று விளங்கி, வெட்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

பத்மாசனி கண்டுவிட்டா. என் முகத்தைப் பார்த்தா. தன்னுடைய கையாலேயே வேட்டியை முழங்கால்வரை உயர்த்தினா.

"பாருங்கோ" என்றா. அவ என்னோடு மரியாதையாகக் கதைத்தது அதுதான் முதல்தடவை. எனக்கு விளங்கவேண்டும் என்று உதட்டை விரித்து, ஆறுதலாக, மெல்ல, இன்னும் ஒருக்கால் சொன்னா. "வடிவாப் பாருங்கோ."

குனிந்து நன்றாகப் பார்த்தேன். ஒரு தழும்பும் இல்லை. நல்ல சுத்தமான கால்.

இரண்டு பேருமாக வேட்டியை இழுத்து மூடினோம்.

அம்மா,
ஞானேஸ்வரி