திறக்காத கதவுக்கு மன்னிப்புக் கேட்க மறுப்பது குறித்து

அனுப்புநர்:
தையற்கடை உரிமையாளர்,
மாடி வீடு, பள்ளியின் பழைய வாசலுக்கு எதிரில்.

பெறுநர்:
உயர்திரு குறைதீர் அலுவலர் அவர்கள்,
தொலைத்தொடர்புக் குறைதீர் அலுவலகம்.

பொருள்: என் வீட்டு மொட்டை மாடியிலுள்ள கைபேசிக் கோபுரத்தை நான் அடிக்கடி நிறுத்துவதாக நிறுவனம் அளித்துள்ள பொய்ப் புகாரைத் திரும்பப் பெறச் செய்யவும், நிறுவனத்தின் தவறைத் தெருவார் முன்னிலையில் திருத்தவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என்னிடம் மன்னிப்புக் கடிதம் கேட்கிறார்கள். அதற்குப் பதிலாக இந்த மனுவை எழுதுகிறேன்.

1. என் வீட்டின் கீழ்த்தளத்தில் தையற்கடை நடத்துகிறேன். மொட்டை மாடியில் ஒரு கைபேசி நிறுவனத்தின் கோபுரமும் அதன் கருவிகளுக்கான சிறிய அறையும் உள்ளன. அறைச் சாவி ஒன்று நிறுவனத்திடமும் மற்றொன்று என்னிடமும் இருக்கின்றன. மாடிப்படி என் கடைக்குள்ளிருந்துதான் தொடங்குகிறது. கோபுரத்தைப் பார்த்துக்கொள்ள இங்கே ஆள் கிடையாது. எங்கோ தொலைவில் உள்ள கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்தே எல்லாவற்றையும் இயக்குகிறார்கள். அவர்களுக்குக் கண்ணாக இருப்பது கருவி அறைக்குள் பொருத்தியுள்ள ஒரு பெட்டி. மின்சாரம் போனாலும் கதவு திறந்தாலும் அது செய்தி அனுப்பும். மின்சாரம் போய் பேட்டரியும் இறங்கிவிட்டால், அங்கிருந்தபடியே சிக்னல் தரும் கருவியை நிறுத்திவிடுவார்கள்.

2. அந்தப் பெட்டியை வைத்த நாளிலிருந்துதான் தலைவலி. கடையில் மின்விசிறி சுற்றும், தையல் இயந்திரம் ஓடும், கைபேசியில் மட்டும் உயிர் இருக்காது. அடுத்த தெருவரை நடந்துபோய் அழைத்துக் கேட்டேன். கட்டுப்பாட்டு அறையில் பேசிய பெண், "உங்க மாடியில கரண்ட் இல்லம்மா, கதவு வேற திறந்திருக்கு. நீங்கதான் ஆஃப் பண்றீங்க" என்றார். "எங்க வீட்டுல ஃபேன் சுத்துதும்மா" என்றேன். "எங்க ஸ்கிரீன்ல சுத்தலையே" என்று பதில் வந்தது.

3. என்னிடம் சொன்னதோடு விட்டிருந்தால் போகட்டும் என்று இருந்திருப்பேன். சிக்னல் இல்லை என்று முறையிட்ட தெருவார் அனைவருக்கும், வீட்டு உரிமையாளர் மின்சாரத்தைத் துண்டிக்கிறார் என்று நிறுவனத்திலிருந்து செய்தி போயிற்று. எனக்கு 'சுவிட்ச் அக்கா' என்று பெயர் விழுந்தது. அதையும் சிரித்தே சமாளித்தேன். ஆனால் தண்ணீர் கேன் போடுபவரின் மகள் பள்ளியில் விழுந்து கையை முறித்துக்கொண்ட அன்று, ஆசிரியை பலமுறை அழைத்தும் தந்தையின் கைபேசிக்கு அழைப்பு போகவில்லை. மாலையில் அவர் என் கடை வாசலில் வந்து நின்றார். "எங்க மேல உங்களுக்கு என்னக்கா கோபம்?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். அந்தக் குழந்தையின் பள்ளிச் சீருடை நான் தைத்தது. அன்று நான் சாப்பிடவில்லை.

4. அதன் பிறகு நிறுவனம் காவல் நிலையத்துக்கே போய்விட்டது. ஆய்வாளர் என்னை அழைத்து, சாவியை வாங்கித் தம் மேசை இழுப்பறையில் வைத்தார். மன்னிப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார் நிறுவனத்தின் வட்டார மேலாளர். நான் பேனாவைத் தொடவில்லை. வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தபோதே அவர் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. முகமெல்லாம் மலர்ந்து அதை ஆய்வாளரிடம் நீட்டினார்: "பாருங்க சார், இப்பக்கூட இவங்க மாடிக் கதவு திறந்திருக்கு."

ஆய்வாளர் என்னைப் பார்த்தார், இழுப்பறையைப் பார்த்தார். நிறுவனத்தின் சாவி எங்கே என்று கேட்டார். மேலாளர் தம் பையைத் துழாவி எடுத்துக் காட்டினார். "அப்ப கதவை யாருய்யா திறந்தது?" என்றார் ஆய்வாளர். "சிஸ்டம் பொய் சொல்லாது சார்" என்றார் மேலாளர். ஓரமாக நின்றிருந்த காவலர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார்.

5. ஆய்வாளர் கண்டிப்பாகச் சொன்ன பிறகே களப் பணியாளர் ஒருவர் வந்து சோதித்தார். நடந்தது இதுதான். நிறுவனம் தன் கோபுரங்களுக்கு அக்கம்பக்க அடையாளத்தை வைத்துப் பெயரிடுகிறது. கோபுரம் எழுப்பிய காலத்தில் பள்ளி வாசல் எங்கள் பக்கம் இருந்ததால் என் மாடிக்குப் 'பள்ளி முன்புறம்' என்று பெயர். மறுபக்கம் பேக்கரி மாடியில் உள்ள கோபுரத்துக்குப் 'பள்ளி பின்புறம்' என்று பெயர். இடையில் பள்ளி தன் வாசலைப் பேக்கரி பக்கம் மாற்றிக்கொண்டது. பிறகு பெட்டி பொருத்த வந்தவர்கள் புதிய வாசலைப் பார்த்துவிட்டு, முன்புறத்துக்கான பெட்டியைப் பேக்கரியிலும் பின்புறத்துக்கானதை என் மாடியிலும் மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

பேக்கரியில் பெரிய அடுப்பைப் போட்டால் சில நேரம் மின்சாரம் நின்றுவிடுகிறது. அதைச் சரிசெய்ய அவர்கள் ஆள் மேலே போய்க் கதவைத் திறக்கிறார். அங்குள்ள பேட்டரியும் பழையது, சீக்கிரம் இறங்கிவிடும். இந்தச் செய்தியெல்லாம் என் மாடியின் பெயரில் போக, கட்டுப்பாட்டு அறை என் மாடிக் கருவியை நிறுத்துகிறது. பேக்கரிக்காரர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் பாட்டுக்கு ரொட்டி சுடுகிறார், கெட்ட பெயர் எனக்கு வருகிறது என்பது அவருக்கும் தெரியாது.

6. இவ்வளவு தெரிந்த பின்னும் மேலாளர் கேட்பது என் கையெழுத்தைத்தான். பெட்டிகளைச் சத்தமில்லாமல் மாற்றிவிடுவார்களாம். ஆனால் கொடுத்த புகாரை முடிக்க ஒரு காகிதம் வேண்டுமாம். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா" என்கிறார். செய்யாததைச் செய்தேன் என்று எழுதிக் கொடுத்தால், கேன்காரர் கேட்ட கேள்விக்கு அதுதான் என் பதில் என்றாகிவிடும். தலைகீழாக நின்றாலும் அது என்னிடம் நடக்காது.

7. ஆகவே, நிறுவனம் தன் புகாரை எழுத்து மூலம் திரும்பப் பெற வேண்டும். என்னைப் பற்றி யார் யாருக்குச் செய்தி அனுப்பினார்களோ அவர்கள் ஒவ்வொருவருக்கும், தவறு தங்களுடையது என்று மறுபடி அனுப்ப வேண்டும். பெட்டிகளைப் பட்டப்பகலில், தெருவார் பார்த்திருக்க, குறைதீர் அலுவலகத்தின் அலுவலர் ஒருவர் முன்னிலையில் மாற்ற வேண்டும். என்னோடு தொலைபேசியில் பேசிய அந்தப் பெண்ணும் வந்தால் நல்லது. அவர் மேல் கோபம் இல்லை. எங்கள் மின்விசிறி சுற்றுவதை ஒருமுறை நேரில் பார்க்கட்டும்.

8. பெட்டிகளை நேரில் வந்துதான் மாற்ற முடியும் என்று களப் பணியாளர் கூறினார். எல்லாவற்றையும் நாற்காலியில் உட்கார்ந்தே இயக்குகிறவர்கள், இந்த ஒரு வேலைக்கு என் கடை வழியாகப் படியேறித்தான் ஆக வேண்டும். எனவே படிக்கட்டைப் பூட்டிவிட்டேன். தெருவாரைக் கூட்டி, காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் பூட்டினேன். "பூட்டுங்கக்கா. இத்தனை நாள் பொறுத்தோம், இன்னும் கொஞ்சம் பொறுக்க மாட்டோமா?" என்று முதலில் சொன்னவர் கேன்காரர்தான்.

மேற்கண்டவை நடக்கும்வரை பூட்டுத் திறக்கப்படாது. இன்றிலிருந்து எங்கள் தெருவில் சிக்னல் நின்றால் அதற்கு முழுப் பொறுப்பும் நானே. நிறுவனம் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்த கையெழுத்தை, தாங்கள் விரைந்து நடவடிக்கை எடுக்க வேண்டி, இதற்குக் கீழே போடுகிறேன்.

இடம்: தையற்கடை
நாள்: 17.06.2024

இங்ஙனம்,
(கையொப்பம்)
தையற்கடை உரிமையாளர்