தாளில் விடுபட்ட தெரு

கோச்சபாம்பா,
14 ஜூன் 2011

அன்புள்ள தெல்மிரா,

நலமா? நீ படிக்கப் போன குரிச்சிபாவின் குளிரில் காதுகூட மரத்துப்போகிறது என்று எழுதியிருந்தாய். இங்கே வெயிலும் புழுதியும்தான். ஜெராக்ஸ் கடைக்குப் பின்னாலிருக்கும் நம் அறைக்கு, நம் நிரலின் பெயரையே ‘யாக்கு’ என்று பலகையில் எழுதி மாட்டிவிட்டேன். கடைக்காரர் பார்த்துவிட்டு, “தண்ணின்னு பேர் வெச்சிருக்கீங்க, உள்ள ஒரு குழாய்கூட இல்லையேம்மா” என்று சிரித்தார்.

பேசினால் சண்டை வந்துவிடும், அதனால் எழுதுகிறேன். மோல்யே மேட்டில் ஒரு தெருவுக்குப் பதினாலு நாள் தண்ணீர் வரவில்லை. நம் நிரல் அச்சிடும் முறைத் தாளைப் பார்த்து வால்வு திறக்கும் தோன் காசியானோ அந்த முறைத் தண்ணீரை லாரிக்காரனுக்கு விற்றுவிட்டார் என்று சொல்லி, ஊர்த் தண்ணீர்க் குழு அவரிடமிருந்து வால்வுச் சாவியைப் பிடுங்கிக்கொண்டது. “தாள்ல அந்தத் தெருவே இல்லீங்க” என்று அவர் சொன்னாராம். அந்தத் தாளை வைத்து அடுப்பு மூட்டிவிட்டார், காட்ட முடியவில்லை. “கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுன்னு அந்தப் பொண்ணுங்களே சொல்லிருக்காங்க” என்று வாயை அடைத்துவிட்டார்கள். சொன்னது நாம்தான், தெல்மி.

இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். ஐந்து திங்கட்கிழமைகள் வரும் மாதத்தில், ஐந்தாவது வார முறையில் நம் நிரல் கடைசித் தெருவை விட்டுவிடுகிறது. மே மாதத்தில் ஐந்து. முறை பிரிக்கும் அந்தப் பகுதியை எழுதியது நீ. சரிபார்க்காமல் விட்டது நான்.

இருபத்தாறாம் தேதி ஊர்க் கூட்டம். என்ன செய்யலாம், சொல்.

உன்,
நாய்ரா


குரிச்சிபா,
20 ஜூன் 2011

அன்பு நாய்ரா,

திருத்திய நிரலை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். இனி விடுபடாது. என் தப்புதான், மறுக்கவில்லை.

ஆனால் கூட்டத்தில் வாயைத் திறக்காதே. அடுத்த மாதம் ஒன்பது ஊர்க் குழுக்கள் நம்மோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வருகின்றன. இரண்டு வருடம் வகுப்பைக் கட்டடித்து, பெஞ்சில் உட்கார்ந்து சால்தேன்யா தின்றுகொண்டே உருவாக்கியது இது. ஒரு வார்த்தையில் ஊற்றிக் கவிழ்த்துவிடாதே. இங்கே பேராசிரியர் ஒரு நிறுவனத்தார் முன்னால் யாக்குவை விளக்கிக் காட்டச் சொல்லியிருக்கிறார். அதுவும் போய்விடும்.

காசியானோ நல்லவர்தான். அவருக்கு வேறு வேலை கிடைக்கும். கொஞ்ச நாள் கழித்து நாமே குழுவிடம் பேசித் திரும்பச் சேர்க்கலாம். நீ எதையும் அவசரப்பட்டுத்தான் செய்வாய், இந்த ஒரு தடவை என் பேச்சைக் கேளடி.

முத்தங்களுடன்,
தெல்மிரா


கோச்சபாம்பா,
27 ஜூன் 2011

அன்புள்ள தெல்மிரா,

சொல்லிவிட்டேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் எழுந்து நின்று, “தோன் காசியானோ மேல தப்பில்ல. தப்பு எங்க புரோகிராம்ல” என்றேன். பிறகு தோன்யா எலுத்தேரியா எழுந்தாள். தண்ணீர் வராமல் போனது அவள் தெருவுக்குத்தான்.

“பதினாலு நாளு பாத்திரம் கழுவலம்மா. உங்க கம்ப்யூட்டரையா கவுத்து ஊத்திக் கழுவுறது? அந்த மனுசன் மூஞ்சிக்கு நேரா ‘திருடா’ன்னேன். இப்ப அதை நான் எப்படித் திரும்ப எடுத்துக்குவேன்?”

காசியானோ கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். குழு சாவியைத் திரும்பக் கொடுத்ததும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

செய்தி பரவி, இன்று மாலைக்குள்ளேயே ஒன்பது குழுக்களில் ஏழு, “அப்புறம் பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டன. மோல்யே மேட்டுக் குழு மட்டும் நம்மைக் கைவிடவில்லை. ஒரே நிபந்தனை: சனிக்கிழமைதோறும் நான் தாளைக் கொண்டுபோய் எலுத்தேரியா முன்னால் ஒவ்வொரு தெருவாக வாசிக்க வேண்டும்.

உன் பெயரைச் சொல்லவில்லை. ‘நாங்கள்’ என்றுதான் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் பஸ் நிறுத்தம்வரை காசியானோ கூடவே வந்தார். “ரெண்டு பேர்ல அத எழுதினது யாரும்மா?” என்று கேட்டார். “சேர்ந்துதான் எழுதினோம்” என்றேன். அவர் நம்பவில்லை.

கோபம் வந்தால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

நாய்ரா


குரிச்சிபா,
25 ஜூலை 2011

நாய்ரா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூணு வாரம் பேனாவைத் தொடவில்லை. கோபம்தான். என்னைக் கேட்டாய், நான் வேண்டாம் என்றேன், நீ செய்துவிட்டாய்.

போன வாரம் அந்த நிறுவனத்தார் முன்னால் யாக்குவை விளக்கினேன். ஒரு பெண்மணி, “இது ஒரு தடவையாவது தவறியிருக்கிறதா?” என்று கேட்டாள். “இல்லை” என்றேன். கை தட்டினார்கள். வேலையும் கொடுத்துவிட்டார்கள். படிப்பையும் இங்கேயே முடிக்கப் போகிறேன்.

யாக்குவை நீயே நடத்து. என் பங்கு எனக்கு வேண்டாம். அந்த அறைக்கு வந்து உன் எதிரில் உட்கார என்னால் முடியும் என்று தோன்றவில்லை. அதற்குக் காரணம் என் கோபம் மட்டுமல்ல.

இத்துடன், தோன் காசியானோ உன்னிடம் கேட்ட கேள்விக்குப் பதிலாக அவருக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். எனவே நீயே வாசித்துக் காட்டு. அதில் இரண்டு இடத்தில் என் பெயர் வருகிறது. அங்கே ‘நாங்கள்’ என்று மாற்றி வாசித்துவிடாதே.

தெல்மிரா