கறி ஸ்பூனில் கலக்கிய காபி

அன்புள்ள மகன் ஷ்ராகாவுக்கு,

இங்கே கிளீவ்லாண்டில் அப்பாவின் முழங்கால் ஒன்றைத் தவிர எல்லாம் சுகம். ஜெருசலேமில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நல்லபடியாக இருக்க ஆண்டவன் காக்கட்டும்.

போன தடவை வந்தபோது நம் வீட்டில் சமைத்த எதையும் தொடாமல், காகிதத் தட்டில் டப்பா மீனும் ஆப்பிளும் தின்றுவிட்டுப் போனாய். "கோவிச்சுக்காதம்மா, கோஷர் இல்லாத கடை பீட்சாவையும் இதே அடுப்புலதானே சூடு பண்றீங்க" என்றாய். கோபமெல்லாம் இல்லை கண்ணு. நீ போனபின் சூப் பானையைப் பார்த்துப் பார்த்து அழுதேன், அவ்வளவுதான். அப்புறம் நம் ஜெப ஆலய குரு ரப்பி கெல்மனைக் கூப்பிட்டு, யூத உணவுச் சட்டப்படி சமையலறை முழுவதையும் சுத்தப்படுத்திக் கோஷராக்கிவிட்டேன். மனிதர் அடுப்புக்குள் நெருப்பைப் பீய்ச்சினார், பானை ஸ்பூன்களையெல்லாம் கொதிக்கிற தண்ணீரில் முக்கினார். இறைச்சியும் பாலும் கலந்துவிடக் கூடாதே என்று கறி ஸ்பூனுக்குச் சிவப்பு, பால் ஸ்பூனுக்கு நீலம் என நானே நகப்பூச்சால் பொட்டு வைத்தேன். பீங்கானை மட்டும் எந்த வெந்நீரும் சுத்தமாக்காதாம். கல்யாணத் தட்டுகளைப் பக்கத்து வீட்டு ரோஸ்மேரிக்குக் கொடுத்துவிட்டேன். அவள் அதில் பன்றி வறுவலை அடுக்கிச் சாப்பிடுவது ஜன்னல் வழியே தெரிகிறது. வயிறு எரிகிறது, சிரிப்பும் வருகிறது.

அப்பாவுக்கு முதலில் ஒரே நக்கல். "நாப்பது வருஷமா இந்த வீட்ல சாப்பிட்டவங்க மனுஷங்க இல்லையா? துரைக்கு மட்டும் தனிச் சட்டமா?" என்று குதித்தார். முந்தாநாள் என்ன செய்தார் தெரியுமா? காலையில் நான் கொதிக்கிற கோழி சூப்பைக் கிண்டிக் கழுவி வைத்த சிவப்புப் பொட்டு ஸ்பூனை எடுத்து, சுடச்சுடப் பால் காபியைக் கலக்கிவிட்டார். கண்ணாடி போடவில்லை, பாவம். பொட்டைப் பார்த்ததும் வெளுத்துப்போனார். ஓடிப்போய் ஸ்பூனைப் பூந்தொட்டி மண்ணில் குத்தி வைத்தார், தீட்டுக் கழிய அவர் வீட்டில் அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்வார்களாம். தொட்டி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "ஹிண்டா, பையனுக்கு மட்டும் எழுதிடாதடி. தெரிஞ்சா இங்க பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டான்" என்றார். என்னவெல்லாம் பேசிய மனுஷன்! ரப்பிக்குப் போன் போட்டேன். அவர் சிரித்துவிட்டு, "காபியைக் கொட்டுங்க, பீங்கான் கோப்பையைத் தூக்கிப் போடுங்க, ஸ்பூனை ஒரு நாள் சும்மா வச்சுட்டு மறுபடி கொதிதண்ணில முக்குங்க. மண்ணெல்லாம் வேண்டாம்மா" என்றார். அப்படியே செய்தேன்.

அப்பா சொன்னபடி மறைத்திருந்தால் உனக்குத் தெரிந்தே இருக்காது. ஆனால் மறைத்துவிட்டு உனக்குப் பரிமாற எனக்குக் கை வராது. நீ என் மேஜையில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் போடும்மா என்று கேட்பதற்கு எவ்வளவு ஏங்குகிறேன் என்று உனக்கு எப்படித் தெரியும்? பண்டிகைக்கு முன்னால் வந்துவிடு. டிக்கெட் போட்டதும் சொல். இங்கே குளிர் இன்னும் விடவில்லை, கம்பளிச் சட்டை எடுத்துக்கொள். எந்தக் குறையும் வராமல் நீடூழி வாழ வேண்டும் நீ.

வந்ததும் அலமாரியைத் திறந்து பார்க்காதே, ரப்பியைக் கூப்பிட்டுக் கேட்காதே. "சாப்பிடலாமாம்மா?" என்று என்னைக் கேள். நான் சாப்பிடு என்றால், சாப்பிடு.

உன் அம்மா,
ஹிண்டா