சிவப்பு மூடி

மயிலாப்பூர்,
1-9-2025

திரு. ஷரஃபுதீன் அவர்களுக்கு,

இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்தது போதும். மார்ச் கடைசியிலிருந்து எண்ணினால் ஆறாவது மாதம் நடக்கிறது.

தொலைபேசியில் உங்கள் எண்ணைத் தடுத்துவைத்திருக்கிறேன். அது அப்படியே இருக்கும். பிசியோதெரபிஸ்ட் தினம் ஒரு பக்கம் கையால் எழுதச் சொல்லியிருக்கிறார். பேனாவின் மேல் ரப்பர் குழாயை மாட்டி, வெள்ளரிக்காய் பருமனுக்கு ஆக்கித் தந்திருக்கிறார்கள். "ஸ்ரீராமஜயம் எழுதேண்டா, புண்ணியமாவது சேரும்" என்றாள் அபயாம்பாள் அக்கா. எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். முடக்குவாதத்தில் என் விரல்கள் வீங்கி, அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கக்கூட வலுவில்லாமல் போனது. நாற்பது வருடச் சிநேகிதர், மருந்துக் கடைக்காரர், நீங்களே பிரித்துத் தருவதாகச் சொன்னீர்கள். மார்ச் எட்டாம் தேதி இரண்டு புட்டிகள் தந்தீர்கள். சிவப்பு மூடிப் புட்டியில் சனிக்கிழமை மட்டும் போட வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட். வெள்ளை மூடியில் மற்ற ஆறு நாளும் போட வேண்டிய ஃபோலிக் ஆசிட். இரண்டும் மஞ்சள், இரண்டும் வட்டம். மார்ச் இருபத்துநாலாம் தேதி வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் இறங்கி, ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பதினோரு நாள். வெள்ளை மூடிப் புட்டியில் இருப்பது வாரம் ஒன்று போட வேண்டிய மாத்திரை என்று அங்கேதான் கண்டுபிடித்தார்கள்.

புட்டியின் மேல் மருந்தின் பெயர் வேண்டாம், மூடியின் நிறம் போதும் என்று நான் சொன்னது உண்மைதான். என் வீட்டு அலமாரியை டியூஷன் பிள்ளைகளின் தாய்மார்கள் பார்க்கிறார்கள். அந்தப் பெயரைக் கைபேசியில் தட்டினால் புற்றுநோய் என்று வரும். அதற்காக மாற்றிப் போட்டுத் தரச் சொல்லவில்லை. அன்று நீங்கள் நோன்பு. உதடு காய்ந்திருந்தது. நோன்பை நான் குறை சொல்லவில்லை, உங்களைச் சொல்கிறேன்.

மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு ஒரு மனு தயாராக இருக்கிறது. கையெழுத்துதான் பாக்கி. இரண்டு புட்டிகளையும் சாட்சியாகப் பீரோவில் பூட்டிவைத்திருக்கிறேன்.

இது குற்றச்சாட்டு. சந்தேகம் வேறு. என் டாக்டர் நான்கு வழிகளை ஒரே மூச்சில் சொல்லி, யோசித்து வரச் சொன்னார். பழைய மருந்தையே குறைந்த அளவில் திரும்பத் தொடங்குவது ஒன்று. மலேரியா மாத்திரை ஒன்று. ஏதோ புது ஊசி. அப்புறம் இன்னும் புதிய ஒரு மாத்திரை. மலேரியா மாத்திரைக்கும் மூட்டுக்கும் என்ன சம்பந்தம்? ஊசி போடுவதற்கு முன் எனக்கு எதற்குக் காசநோய்ப் பரிசோதனை? கேட்பதற்கு வேறு ஆள் இல்லை.

வெ. வெங்கடரமணன், எம்.எஸ்ஸி., பி.எட்.,
முதுகலை வேதியியல் ஆசிரியர்


ராயப்பேட்டை,
6-9-2025

அன்புள்ள ரமணா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வீட்டுக்காரி ஜஹீதா எட்டிப் பார்த்து, "திட்டுறதைக்கூட உங்க வாத்தியார் பத்தி பிரிச்சுத்தான் எழுதுவாரா?" என்றாள். உன் எழுத்து முன்னைவிடப் பெரிதாகியிருக்கிறது. பேனா பருமனாக இருப்பதால் என்று நினைக்கிறேன்.

நான் மாற்றிப் போட்டேனா என்றால், தெரியவில்லை. அந்த மத்தியானத்தை எத்தனை தரம் யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. பில் இருக்கிறது: வார மாத்திரை பன்னிரண்டு, ஃபோலிக் அறுபது. எது எந்தப் புட்டிக்குள் போனது என்று பில்லில் இல்லையே. சட்டப்படி நான் அட்டையைப் பிரித்தே இருக்கக் கூடாது. அந்த ஒரு தப்பு நிச்சயம் என்னுடையது. மற்றதும் என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். வேறு யார் தொட்டார்கள்?

உன் சந்தேகத்துக்கு வருகிறேன். உன் உடம்பின் காவல்காரனே உன் மூட்டைத் திருடன் என்று நினைத்து அடிக்கிறான். அதுதான் உன் நோய். மலேரியா மாத்திரை அவனைக் கொஞ்சம் சாந்தப்படுத்தும். சாது மருந்து, ஆனால் வருடம் ஒரு தடவை கண்ணைக் காட்டிக்கொள்ள வேண்டும். புது ஊசி, காவல்காரர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் தகவலை நடுவிலேயே பிடித்துவிடும். பலருக்கு நன்றாகக் கேட்கிறது. ஆனால் நம் ஊரில் மூன்றில் ஒருவர் உடம்பில் காசநோய்க் கிருமி தூங்கிக்கொண்டிருக்கும். காவல் தளர்ந்தால் அது எழுந்துகொள்ளும். அதற்குத்தான் பரிசோதனை. இன்னும் புதிய மாத்திரையும் நல்லதுதான். இதயக் கோளாறு, ரத்தக் கட்டு, சிகரெட் உள்ளவர்களுக்கு யோசித்துத்தான் கொடுப்பார்கள். உன் அப்பாவுக்கு நெஞ்சுவலி இருந்ததை டாக்டரிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய்.

ஒரு விஷயம். இந்த மாதம் முப்பதாம் தேதியோடு நான் கடையில் உட்காருவதை நிறுத்திக்கொள்கிறேன். மருமகன் காஷிஃப் பார்மசி படித்தவன். லைசென்ஸை அவன் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டேன். என் கையை எனக்கே நம்பிக்கையில்லை.

என்றும்,
ஷரஃபு


மயிலாப்பூர்,
12-9-2025

திரு. ஷரஃபுதீன் அவர்களுக்கு,

விளக்கத்துக்கு நன்றி. அப்பாவின் நெஞ்சுவலியை டாக்டரிடம் சொல்லிவிட்டேன். குறித்துக்கொண்டு, "இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். உங்களால் அங்கேயும் ஒரு திட்டு.

கடையை விட்டுப் போவது உங்கள் முடிவு. நியாயமான முடிவு என்றுதான் சொல்வேன். தலைமையாசிரியர் பதவியை எனக்கு அடுத்தவனுக்குக் கொடுத்தபோது நானும் யாரிடமும் கெஞ்சவில்லை.

ஆனால் பதினோரு நாளில் ஒரு நாள்கூட ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்காதது எந்த நியாயம்? தப்பைக்கூட மறந்துவிடலாம். இதை மறக்கிற மனிதன் நான் இல்லை.

டாக்டர் இன்னும் பழைய மருந்தைத்தான் முதலில் சொல்கிறார். இப்போது ரத்தம் தேறிவிட்டதாம். குறைந்த அளவில் தொடங்கி, ரத்தத்தையும் கல்லீரலையும் அடிக்கடி பார்த்துக்கொண்டால் போதுமாம். நான் மாட்டேன் என்றுவிட்டேன். ஆனாலும் ஒன்று என்னைக் குடைகிறது. முப்பது வருடம் வேதியியல் நடத்தியவனுக்கு இது புரியவில்லை: ஒரு சிட்டிகை மருந்து, சனிக்கிழமை விழுங்கியது, எப்படி அடுத்த வெள்ளி வரை வேலை செய்யும்?

அக்கா ஒரு பொடி வாங்கிவந்திருக்கிறாள். பொட்டலத்தில் பெயர் கிடையாது. மூன்றே நாளில் விரல் மடங்கும் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். அதைப் பற்றியும் எழுதவும்.

வெ. வெங்கடரமணன்


ராயப்பேட்டை,
18-9-2025

அன்புள்ள ரமணா,

முதலில் பொடி. தொடாதே. பெயரில்லாத பொடி மூன்று நாளில் கேட்டால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். டாக்டர் அளந்து, நாள் குறித்துக் கொடுத்தால் அதுவும் மருந்துதான். அளவு தெரியாமல் தின்றால் எலும்பு, சர்க்கரை, எல்லாம் போகும். அக்காவிடம் பக்குவமாகச் சொல்லு.

ஆஸ்பத்திரிக்கு மூன்று நாள் வந்தேன். மூன்று நாளும் அக்கா வராந்தாவிலேயே நிறுத்தி, "தூங்கறான்" என்றார்கள். மூன்றாம் நாள் உள்ளே நீ இருமுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவர்களுக்கும் கேட்டது. "தூக்கத்துலயே இருமறான்" என்றார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. தம்பியை விஷம் வைத்துச் சாகடிக்கப் பார்த்தவனை யார் உள்ளே விடுவார்கள்?

சனிக்கிழமை மாத்திரை ரத்தத்திலிருந்து ஓரிரு நாளில் போய்விடும். ஆனால் அணுக்களுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும், காலி பண்ணச் சொன்னாலும் போகாத குடித்தனக்காரன் மாதிரி. வாரம் ஒருவர் வந்தால் வீடு தாங்கும். தினம் ஒருவர் வந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். புற்றுநோய்க்குக் கொடுப்பது வேறு அளவு. உனக்குத் தருவது அதில் துளி. நல்ல மருந்து, ரமணா. என்மேல் உள்ள கோபத்தை அதன்மேல் காட்டாதே. மூட்டு ஒருமுறை தேய்ந்தால் எந்த ஊசியும் திருப்பித் தராது.

கடையில் ஒவ்வொரு அட்டையையும் இப்போது மூன்று தரம் படிக்கிறேன். நேற்று பட்டினப்பாக்கத்து மீன்காரம்மா கேட்டது: "இன்னா பாய், மருந்து குடுக்கிறியா, பரீச்சைக்குப் படிச்சிகினு கீறியா? மீன்லாம் நாறிடும் நைனா." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் ஜஹீதாவிடம் சொன்னபோது சிரிக்க வரவில்லை. முப்பத்திரண்டு வருடம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவன் இனி வீட்டில் எதைப் பார்த்துக்கொண்டு உட்காருவான் என்கிறாள்.

மனுவை அனுப்பு. தடுக்கமாட்டேன். ஆனால் கையெழுத்துப் போட்டு அனுப்பு. மொட்டைக் கடுதாசியாகப் போடாதே. அது உனக்கு அழகில்லை.

என்றும்,
ஷரஃபு


மயிலாப்பூர்,
சனிக்கிழமை, 27-9-2025

ஷரஃபு,

பிசியோதெரபிஸ்ட் புதிதாக ஒரு பயிற்சி கொடுத்தார். தினம் காலையில் புட்டி மூடியைத் திருகித் திறந்து, திருகி மூட வேண்டும். வீட்டில் என் கைக்கு அடக்கமாக இருந்தவை பீரோவில் வைத்திருந்த அந்த இரண்டு புட்டிகள்தான். மாத்திரைகளைத் தனித்தனிக் கிண்ணத்தில் கொட்டி வைத்துவிட்டு, காலிப் புட்டிகளில் பழகினேன். நான்காம் நாள் இரண்டையும் திறந்து வைத்திருந்தபோது வாசலில் மணி அடித்தது. அவசரமாக மூடிவிட்டுப் போனேன். கேஸ் சிலிண்டர்காரர். திரும்பி வந்து பார்த்தேன். எந்தப் புட்டிக்கு எந்த மூடி என்று எனக்குத் தெரியவில்லை.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் எழுந்து, வார மாத்திரைக் கிண்ணத்தை எண்ணினேன். ஆறு மாதம் சாட்சி, சாட்சி என்று பூட்டிவைத்தவன் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. நான்கு இருந்தது.

நீ போட்டது பன்னிரண்டு. மிச்சம் நான்கு. நான் தின்றது எட்டு. நீ முதல் நாளே மாற்றிப் போட்டிருந்தால், ஒன்பதாம் தேதியிலிருந்து இருபத்துநாலு வரை, சனி போக, பதினான்கு மாத்திரை நான் விழுங்கியிருக்க வேண்டும். புட்டி அதற்கு முன்பே காலியாகியிருக்கும். எட்டுதான் என்றால் கணக்கு ஒரே விதத்தில்தான் வருகிறது. எட்டு, பதினைந்து, இரண்டு சனிக்கிழமையும் சரியாகப் போட்டேன். பிறகு பதினெட்டாம் தேதியிலிருந்து இருபத்துநாலு வரை, சனி போக, தப்பாக ஆறு.

பதினெட்டு எனக்கு நினைவிருக்கிறது. பரீட்சை நடந்த வாரம். விடியற்காலை டியூஷன் பையன் ஜவஹரின் அம்மா பையனுக்குச் சந்தேகம் என்று சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். மூடிகள் இறுகிப்போகாமல் தளர்த்தி வைக்கலாமென்று திறந்த இரண்டு புட்டியும் மேஜையில் கிடந்தன. அவள் பார்த்துவிடக் கூடாதென்று கையில் கிடைத்த மூடியைக் கிடைத்த புட்டியில் வைத்து, அகராதிக்குப் பின்னால் தள்ளினேன்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் ஆய்வகத்தில் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் முதல் பாடம் உனக்குத் தெரியுமா? பெயரை மூடியில் ஒட்டாதே, புட்டியில் ஒட்டு. மூடி இடம் மாறும். முப்பது வருடம் சொன்னேன்.

அக்காவிடம் சொன்னேன். "நான்தானே அவனை வாசல்லயே நிறுத்தினேன்" என்றாள். பிறகு, "ராயப்பேட்டை பத்து நிமிஷம்டா, ஆட்டோல போய்ச் சொல்லிட்டு வா" என்றாள். என்னால் முடியாது. உன் முகத்துக்கு எதிரே நின்று இதைச் சொல்ல என் வாய் இன்னும் பழகவில்லை. ஆகையால் ஸ்பீட் போஸ்ட். திங்கட்கிழமை உன் கையில் இருக்கும். முப்பதாம் தேதி செவ்வாய். ஒரு நாள் அவகாசம் இருக்கிறது. எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கு. உன் கை எதையும் மாற்றவில்லை.

டாக்டரிடம் சரி என்றுவிட்டேன். பழைய மருந்தேதான், முன்பைவிடச் சிறிய அளவில். வருகிற சனிக்கிழமை முதல் மாத்திரை. பெயர் போட்ட அட்டையாகவே கொடு, பிரிக்காதே. கரண்டிக் காம்பால் அழுத்தினால் மாத்திரை வெளியே வந்துவிடுகிறது. அட்டையை இனிமேல் அலமாரியில் முன்னால்தான் வைக்கப்போகிறேன். யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும். ஆனால் அந்த அட்டையை காஷிஃபிடம் வாங்கமாட்டேன். ஸ்டூலில் நீ இருந்தால்தான் வருவேன்.

மனுவைக் கிழித்துவிட்டேன். கிழிக்க விரல் வலித்தது.

கீழே கையெழுத்துப் போட மூன்று தரம் பேனாவை வைத்து எடுத்துவிட்டேன். விரலில் கோளாறில்லை. இப்படி ஒரு கடிதத்தின் அடியில் என் பெயர் இருப்பதைப் பார்க்க எனக்கு இன்னும் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். மொட்டைக் கடுதாசி வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு பேச்சை மட்டும் இன்று கேட்கமாட்டேன். பெயரில்லாத புட்டியைத் திறக்காதே என்று ஊருக்குச் சொல்கிறவன் நான். இதை நீ திறப்பாய், உள்ளே இருப்பது யார் என்று உனக்குத் தெரியும். தபால் நிலையம் மூடுவதற்குள், இப்படியே ஒட்டிப் போடுகிறேன்.