செவ்வாயிலிருந்து படம் வராத நாட்கள்

டிச. 28, ஞாயிறு

பனி. காலை முழுக்க மூக்கடைப்பு. நான் மேனேஜராக இருக்கும் லாட்ஜில் எல்லா அறையும் நிரம்பிவிட்டது, ஏகாதசிக் கூட்டம். ‘வெந்நீர் வரலைங்க.’ மூன்று மாடியிலிருந்தும் இதே பாட்டு.

மாலை ஏழு மணிக்குத் தொட்டியத்தில் இருக்கும் செல்வராஜுக்குப் போன். காலேஜ் சிநேகிதன்; சர்க்கரையில் அவனுக்குக் கண் போய் இரண்டு வருஷம். அதுவரை, செவ்வாய்க் கிரகத்தில் ஊரும் ரோவர் வண்டி அனுப்புகிற படத்தை யார் முதலில் பார்ப்பது என்று எங்களுக்குள் போட்டி. இப்போது நான் பார்த்துச் சொல்கிறேன், அவன் கேட்கிறான். தினமும். இன்று ஒரு மேடு, சக்கரத் தடம், ஓரத்தில் ரோவரின் நிழல். ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டேன்.

‘அவ்வளவுதானா?’ என்றான்.

டிச. 29, திங்கள்

பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே சூரியன் வருகிறதாம். இரண்டு மூன்று வாரம் புதுப் படம் வராது. படித்ததும் சந்தோஷம். வெட்கம்தான், ஆனாலும் சந்தோஷம். இதையே சாக்காக வைத்து இந்தத் தினசரிப் போனை மெல்ல நிறுத்திவிடலாமா?

முதல் ரிங்கிலேயே எடுத்தான். சொல்ல வாய் வரவில்லை. பழைய படம் ஒன்றைப் புதிது என்று சொல்லிவைத்தேன்.

டிச. 31, புதன்

நேற்று எழுதவில்லை. சொர்க்கவாசல் திறப்பு, அதிகாலையிலிருந்து நின்ற கால். இரண்டு நாளும் செல்வராஜுக்குப் பழைய படமே.

வாங்க: பினாயில், தலையணை உறை, இருமல் மருந்து (எனக்கு).

ஜன. 2, வெள்ளி

மாட்டிக்கொண்டேன். ‘இட்லி மாதிரி ஒரு கல்லு, நடுவுல வெடிப்பு’ என்றேன்.

‘இதை ஆடி மாசமே சொல்லிட்டடா. அப்ப பன்னு மாதிரின்னு சொன்ன.’

இருமி மழுப்பினேன்.

‘ரொம்பக் களைச்சுப் போயிருக்க. பேசறப்பவே கொட்டாவி விடற. நாளையிலேருந்து போன் வேணாம்.’

திட்டியிருந்தால் தேவலை.

ஜன. 3, சனி

மேகமூட்டம். மாலை ஏழு. டீ. கால் நீட்டி உட்கார்ந்தேன். ஆசைப்பட்டது இதற்குத்தான். டீ பாதியில் ஆறிவிட்டது. பார்க்க முடியாதவனை ஏமாற்றியிருக்கிறேன்.

ஜன. 4, ஞாயிறு

பொறுக்கவில்லை, நானே கூப்பிட்டேன். ரொம்ப நேரம் மணி அடித்த பிறகே எடுத்தான்.

‘படம் எதுவும் வரலடா. சூரியன் குறுக்க இருக்கு. அவ்வளவும் பொய்.’

‘தெரியும். போன வாரமே நியூஸ்ல கேட்டேன். அதைச் சாக்கா வச்சு ஒரேயடியா நிறுத்திடுவியோன்னுதான் நானும் கேக்காம இருந்தேன்.’

‘சேச்சே, அப்படியெல்லாம் நினைக்கவே இல்லடா’ என்றேன்.

இதுவும் பொய்.