அஸ்கலோன் வீட்டுத் தரை

பதிவு 41. அஸ்கலோன் கடற்கரை, கி.மு. 1150. காலை 6:10

உலகப் பெருமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: கலத்தின் கடைசி நார்த்தங்காய் ஊறுகாய் இன்று காலமானது. கொடி அரைக்கம்பத்தில் பறக்கிறது. கொடி என்பது என் துண்டு.

நான் ஆரூரன். வயது பதினேழு. பயிற்சிக் காலப்பயணி. மணல்மேட்டுக்குள் கலத்தை ஒளித்துவைத்து, இந்த ஊரில் குடியேறியிருக்கும் பெலிஸ்தர் எங்கிருந்து வந்தவர்கள் என்று கண்டுபிடிப்பது வேலை.

பதிவு 42. பகல் 11:30

இவர்களைக் கடற்கொள்ளையர் என்றே நமக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். கொள்ளையடிக்கப் போகிறவன் நெசவுத் தறியின் களிமண் குண்டையும் பன்றிக்குட்டியையும் கைப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டா கப்பலேறுவான்? பானையில் பறவை வரைந்துகொண்டா உட்கார்ந்திருப்பான்? ஊருக்குள் வைத்த ஒட்டுக்கேட்புக் கருவி, ஊர்க்காரர் ஒருவரின் பேச்சை மொழிபெயர்த்து அனுப்பியது:

"மேக்கே, கடலுக்கு அந்தாண்ட இருந்தோம். வெளஞ்சது பத்தல. வந்துட்டோம்."

இதை நம் காலத்துத் தலைமையகத்துக்கு அனுப்பினேன். தலைவர் செவ்வந்திநாதன் முனைவர் அல்ல, முனகுவர். பதில்:

"ஏலே, வாய்ப்பேச்செல்லாம் சான்றாவுமாலே? மரபணு வேணும்."

பதிவு 43. மாலை 4:20

அகயா என்ற பெண்ணின் பிள்ளை இறந்துவிட்டது. பிறந்து ஒரு வாரம்கூட இல்லை. வீட்டுக்குள்ளேயே தரையைத் தோண்டிப் புதைத்தார்கள். இங்கே வழக்கம் அதுதான். அவள் குரல் கருவியில் வந்தது:

"வெளிய வேணாம், குளிரும். அடுப்புப் பக்கத்துலயே படுக்கட்டும்."

தலைமையகம்:

"அருமைலே! பிள்ளையோட காது எலும்புல மரபணு கெடாது. தோண்டி எடுத்துரு."

உயிரோடிருப்பவரைத் தொட்டால் வரலாறு கெடுமாம். இறந்த பிள்ளையைத் தோண்டினால் கெடாதாம். இந்த விதியை எழுதிய கையில் கட்டெறும்பு கடிக்கட்டும். அந்த அடுப்பில் இன்னும் கஞ்சி கொதிக்கிறது, ஐயா!

மறுத்தால் என்னைத் திரும்ப அழைக்க மாட்டார்களாம்.

பதிவு 44. காலை 9:05

முடித்துவிட்டேன். பூனை தோற்றது போங்கள். உள்ளே போனேன், எடுத்தேன், வந்தேன். ஒரு துகள் மண் சிந்தவில்லை. என்னைப் போல் ஒருவன் இனிப் பிறந்தால்தான் உண்டு. மாதிரிக் குழாய் மரபணுக் கருவிக்குள் போய்விட்டது. முடிவு தலைமையகத்துக்குப் பறந்துவிட்டது.

பதிவு 45. பகல் 2:15

தலைமையகம்:

"ஏலே ஆரூரா! பெலிஸ்தர் தாமிரபரணிக் கரைக்காரங்கலே! நம்ம ஆளுங்க! நாளைக்கே உலகத்துக்கு அறிவிக்கோம். இன்னும் சான்று வேணும். கலத்துத் துளைக்கருவிய இங்கருந்தே கெளப்புதோம். ஊர்ல உள்ள எல்லா வீட்டுத் தரையையும் தோண்டிரும்."

சிரிப்பு பாதியில் நின்றது. எல்லா வீடுமா? எத்தனை அடுப்பு, எத்தனை பிள்ளை! முடிவு தப்பு என்று கத்தினேன்.

"வெளையாடாதலே. ஒன் சேட்டை எல்லாம் எங்களுக்குத் தெரியும்."

உண்மையைச் சொல்லும்போது மட்டும் சேட்டையாம். நாசமாய்ப் போங்கள்.

பதிவு 46. மாலை. கடிகாரம் நின்றுவிட்டது

துளைக்கருவி மணலைக் கிழித்துக்கொண்டு கிளம்பியது. மின்கலத்தைப் பிடுங்கிவிட்டேன். நின்றது. என்னை என் காலத்துக்குத் திரும்பக் கொண்டுபோகவும் அதே மின்கலம்தான். பிடுங்கியதில் உடைந்தும் விட்டது. இந்தப் பதிவுக்கருவியில் மிச்சமிருக்கும் மின்சாரம் தீர்வதற்குள் எழுதுகிறேன்.

இதைக் கண்டெடுப்பவரே, பெலிஸ்தர் மேற்குக் கடல் தாண்டி, குடும்பமாய், பசியோடு வந்தார்கள். அதை மட்டும் திருத்திவிடுங்கள்.

இன்னொன்று. எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அந்த வீட்டுக்குள் நான் போகவே இல்லை. வாசல் வரை போனேன். அகயா நிமிர்ந்து பார்த்தாள். துக்கம் கேட்க வந்தவன் என்று நினைத்து, நகர்ந்து இடம் விட்டாள்.

ஓடிவந்துவிட்டேன்.

கருவி மரபணுவைப் படிக்கும், யாருடையது என்று கேட்காது. குழாயில் இருந்தது என் எச்சி