டோல்கேட் கடையின் கொழுப்புத் தொட்டி

அக். 7, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். கன்டெய்னர் லாரிகளின் புகை. புரட்டாசி, பிரியாணி பாதிதான் போனது.

கழிவுநீர் வாரியத்தின் நோட்டீஸ் வந்துவிட்டது. வெள்ளிக்குள் கொழுப்புத் தொட்டியைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கழிவுநீர் இணைப்பை அடைப்பார்கள், கடை அவ்வளவுதான். பாத்திரம் கழுவும் தண்ணீரிலுள்ள எண்ணெய் சாக்கடைக்குப் போகாமல் தேங்குகிற தொட்டி. கடை எடுத்ததிலிருந்து நாங்கள் திறந்ததே இல்லை. முந்தைய முதலாளி காலத்தில் அதில் இறங்கியவர் மூச்சடைத்துச் செத்துப்போனார். வாடகை குறைவு என்று அண்ணன் தெரிந்தேதான் எடுத்தான். என்னிடம் பிறகுதான் சொன்னான்.

வாங்க: சோப்புத் தூள், எலுமிச்சை, டியூப்லைட்.

அக். 8, புதன்

தூக்கம் சரியில்லை. பேய்க்கதைகள் நிறையப் படித்திருக்கிறேன். அவற்றில் செத்தவர்கள் எதையாவது கேட்பார்கள். இவர் எதுவும் கேட்பதில்லை. பின்கதவுக்குப் போகும்போது தொட்டியின் மூடியை மிதிக்காமல் ஒதுங்கி நடக்கிறேன். மாஸ்டர் பாஷா பாயும் அப்படித்தான்.

பாத்திரம் கழுவும் செல்வி அக்கா மட்டும் மூடியை ஒட்டியே உட்காருகிறார். ஒவ்வொரு தட்டையும் வழித்து, பேப்பரால் துடைத்து, அப்புறம்தான் தண்ணீர்.

"இன்னா செல்வி, தட்டத் தொடச்சே தேச்சுடுவ போல கீதே," என்றார் பாய். அக்கா அடுத்த தட்டை எடுத்தார்.

அக். 9, வியாழன்

உறிஞ்சும் லாரியைக் கூப்பிடலாம் என்றேன். சந்துக்குள் வராது, நீளக் குழாய்க்குத் தனிச் செலவு என்றான் அண்ணன். மதியம் தொட்டியில் இறங்க ஒருவரைக் கூட்டி வந்தான். வாளி, கயிறு. முகமூடிகூட இல்லை.

செல்வி அக்கா எழுந்து வந்து மூடியின் மேல் உட்கார்ந்துகொண்டார். ஈரக் கையோடு. அண்ணன் அதட்டிப் பார்த்தான், கெஞ்சியும் பார்த்தான்.

"எம் புருசன் எறங்குனதே இதுலதான். இன்னொருத்திக்கும் அதயே செய்யாத நைனா."

பாஷா பாய்க்கும் இது தெரியாது. தினம் பார்க்கிற முகம், நாங்கள் யாரும் ஒன்றும் கேட்டதில்லை. வந்தவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அண்ணன் கல்லாவுக்குப் போனான். பிறகு அவனே லாரிக்குப் போன் செய்தான்.

சாயங்காலம் கேட்டேன், எதற்காக இதே இடத்துக்கு வேலைக்கு வந்தீர்கள் என்று.

"வேற யாருனா கய்வுனா, எச்சிய அவரு தலைல ஊத்துவாங்கம்மா."



அக். 10, வெள்ளி

தூறல். லாரி சந்து முனையில் நின்றது, குழாய் எட்டியது. யாரும் இறங்கவில்லை. அதிகாரி டார்ச் அடித்துப் பார்த்தார். இத்தனை மாதத்துக்குக் கொழுப்பு ரொம்பக் குறைவாம், மற்ற ஹோட்டல்காரர்களுக்கும் சொல்ல வேண்டுமாம். என்ன ஏற்பாடு என்று கேட்டார். தட்டை வழித்துக் கழுவுகிறோம் என்றேன். வேறென்ன சொல்வது.

அவர் போனதும் லாரிக்காரர் மூடியை இழுத்துத் தொட்டியை மூடப் போனார். செல்வி அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இப்பவே மூடாதண்ணா. கொஞ்ச நேரம் உள்ள காத்து போவட்டும்."